பெங்காலி, சொசைட்டி, நெல்லுக்குருவி: மூண்டும் ஒரே குருவியா?

கல்முனைக்கூடு:

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும். பேர் விசயமா ஒரு குழப்பம், தெரிஞ்ச ஆக்கள் தெளிவாச் சொல்லுங்க. நான் கூட்டுக்குருவி வளர்க்கத் தொடங்கி கொஞ்சக் காலம்தான், லவ்பேர்ட்ஸ்ல இருந்து பிஞ்சஸ் பக்கம் வந்த ஆள். இப்ப என்னட்ட இரிக்கிற சோடிகளைக் கடைக்காரர் "பெங்காலி பிஞ்ச்" எண்டு சொல்லித்தான் தந்தவர். வளர்க்கிற முறை தேடி யூடியூப்ல போனா அமெரிக்காக்காரர் இதே குருவியைக் காட்டி "சொசைட்டி பிஞ்ச்" எண்டுறாங்கள். மறுகா அம்பாறை டவுன்ல இருந்து வந்த சிங்கள அண்ணன் ஒராள் கூட்டுக்குள்ள பார்த்திட்டு "இது வீ குருல்லா தானே, எங்கட வயல்ல கிடக்கிறது" எண்டார். வீ எண்டா நெல்லு. அப்ப இது நம்மட நெல்லுக்குருவியா, வெளிநாட்டுக் குருவியா?

குஞ்சுகள் பெருகிட்டுது, விக்கிறதுக்கு விளம்பரம் போட வேணும். பிழையான பேரைப் போட்டு ஒரு ஆளை ஏமாத்தின மாதிரி வரக்கூடாது. பெங்காலி எண்டா என்ன கருத்து, சொசைட்டி எண்டா என்ன கருத்து, எதைப் போட்டா ஆக்களுக்கு விளங்கும், அதுதான் கேள்வி.

வாழைச்சேனைபிஞ்சஸ்:

தம்பி, பெங்காலீஸும் சொசைட்டியும் ஒரே குருவிதான், அதில சந்தேகமே வேணாம். இங்கிலாந்துக்காரன் பெங்காலீஸ் எண்டுவான், அமெரிக்காக்காரன் சொசைட்டி எண்டுவான். நம்மட நாட்டில கூட்டுக்குருவிப் பேர் கனக்க இங்கிலீசுப் புத்தகங்களால வந்ததால பெங்காலீஸ் எண்டு வந்து, கடையில வாய் மாறி மாறி பெங்காலி ஆகிட்டுது. இப்பத்தைய பொடியன்கள் யூடியூப் பார்த்துப் பழகினதால சொசைட்டி எண்டு கேட்டு வாறாங்கள். போன கிழமையும் ஒரு பொடியன் போன் எடுத்து "பெங்காலி வேணாம் அண்ணன், எனக்கு சொசைட்டிதான் வேணும்" எண்டு நிண்டான், ரெண்டும் ஒண்டு எண்டு விளங்கப்படுத்தவே நேரம் போச்சு.

நெல்லுக்குருவி எண்டுறது வேற கதை, அதைப் படுவான்கரையான் அண்ணன் வந்து எழுதுவார், அவர்தான் அதில ஆள்.

ஏறாவூர்சிட்டு:

அப்ப பெங்காலி எண்டா பங்களாதேஷ் பக்கத்துக் குருவியா? அங்க காட்டில இருந்து பிடிச்சு வாறதா? நான் அப்பிடித்தான் இவ்வளவு நாளும் விளங்கி வச்சிரிக்கன்.

உயிரியல்மிஸ்:

ஏறாவூர்சிட்டு, இல்ல மகள். இந்தக் குருவி எந்தக் காட்டிலயும் இல்ல. அதுதான் இதில முக்கியமான விசயம். பெங்காலீஸ் பிஞ்ச் முழுக்க முழுக்க மனிசன் கூட்டில வச்சு உண்டாக்கின வளர்ப்பு இனம். வங்காளத்தில தேடினாலும் ஜப்பான்ல தேடினாலும் காட்டில இந்த வெள்ளையும் கபிலமும் கலந்த குருவி பறக்காது.

இதிட தாய் இனம் வெண்முதுகு முனியா எண்ட சின்ன விதை தின்னிக் குருவி, விஞ்ஞானப் பேர் லொஞ்சுரா ஸ்ட்ரியாட்டா. சீனாவில இருந்து ஜப்பானுக்கு 18ஆம் நூற்றாண்டில கொண்டு போயிருக்காங்க. அங்க நல்லாக் குஞ்சு வளர்க்கிற சோடிகளாப் பார்த்துப் பார்த்து தலைமுறை தலைமுறையாத் தெரிஞ்செடுத்ததில காட்டுக்குருவியிட பயம் குறைஞ்சு, வெள்ளைத் திட்டுகள் வந்து, இப்ப நாம பார்க்கிற உருவம் வந்திருக்கு. ஒரு காலம் இது ரெண்டு மூண்டு முனியா கலந்த கலப்புக் குருவி எண்டும் ஆக்கள் நினைச்சவை. ஆனா நடத்தை, பாட்டு, மரபணு எல்லாம் வெண்முதுகு முனியாவைத்தான் காட்டுது.

அப்ப வங்காளம் எப்பிடிப் பேருக்குள்ள வந்தது எண்டா, அந்தக் காலத்துப் பறவை வியாபாரத்தில பேர் வைக்கிற முறை அப்பிடித்தான், எந்தத் துறைமுகம், எந்த நகரம் எண்டு காதில விழுந்ததோ அது பேரில ஒட்டிக்கொள்ளும். நாம இண்டைக்கும் தம்புள்ளையில விளைஞ்ச வெங்காயத்தைப் பம்பாய் வெங்காயம் எண்டு சொல்லித்தானே கடையில கேட்கிறம். இதுக்கு நல்ல சாட்சி அவடவாட் எண்ட குருவி, சிவப்பில வெள்ளைப் புள்ளி போட்ட சின்னக் குருவி, ஸ்ட்ராபெரி பிஞ்ச் எண்டும் சொல்லுவினம். அந்த அவடவாட் எண்ட சொல்லே குஜராத்தில இருக்கிற அகமதாபாத் நகரத்திட பேர் சிதைஞ்சு வந்தது, அங்க இருந்து கூட்டில போட்டு ஐரோப்பாவுக்கு ஏத்தினதால. இன்னொரு விசேசம், அதே சிவப்புக் குருவிக்குப் பிரெஞ்சுக்காரர் வச்சிருக்கிற பேர் பெங்காலி. ஆகவே பெங்காலி எண்ட சொல்லுக்குப் பின்னால ஒரே ஒரு குருவி இல்ல, நாட்டுக்கு நாடு வேற குருவி நிக்கும்.

சொசைட்டி எண்டது நடத்தையைப் பார்த்து வச்ச பேர். இதுகள் சண்டை பிடிக்கிறது குறைவு, ராவில எல்லாம் ஒரே கூட்டுக்குள்ள ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறிப் படுத்துக் கிடக்கும், வளர்க்கிற எல்லாரும் பார்த்திருப்பீங்க. கூடி வாழுற குருவி எண்ட கருத்துத்தான். ஜப்பான்காரர் இதை ஜுஷிமாட்சு எண்டுவினம், அதை எழுதுற எழுத்துகளிட கருத்து பத்துச் சகோதரிகள். பத்துச் சகோதரிகள் எண்டு சொன்னவனும் சொசைட்டி எண்டு சொன்னவனும் கூட்டுக்குள்ள ஒரே காட்சியைத்தான் பார்த்திருக்கான். இங்கிலாந்துக்காரன்ட பேர் மட்டும் குருவியைப் பார்க்காம மேப்பைப் பார்த்து வச்சது. எனக்கு அந்த ஒரு காரணத்துக்காகவே சொசைட்டி எண்ட பேர் பிடிக்கும்.

கல்முனைக்கூடு:

மிஸ், பத்துச் சகோதரிகள் எண்டது உண்மையிலயே பொருத்தம். என்ட கூட்டில ரெண்டு மண்முட்டி கட்டி விட்டாலும் எல்லாம் ஒரு முட்டிக்குள்ளதான் நெரிஞ்சுகொண்டு படுக்கும், மற்ற முட்டி சும்மா கிடக்கும்.

அப்ப வீ குருல்லா எண்ட கதை?

படுவான்கரையான்:

அம்பாறை அண்ணன் சொன்னது முழுப் பிழையும் இல்ல முழுச் சரியும் இல்ல.

மிஸ் சொன்ன அந்தத் தாய் இனம், வெண்முதுகு முனியா, நம்மட ஊரிலயே இரிக்கு. நம்மட வளவுக்க, தேசிக்காய் மரத்துக்க, குறோட்டன் பத்தைக்க புல்லைக் கொண்டு வந்து பந்து மாதிரிக் கூடு கட்டி, பக்கத்தில வாசல் வச்சிருக்குமே ஒரு கருங்கபிலக் குருவி, பறக்கக்குள்ள முதுகுக்குக் கீழ வெள்ளை பளிச்செண்டு தெரியும், அதேதான். கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கம் காலமை எழும்பி வளவைச் சுத்திப் பார்த்தாக் காணலாம். அந்த இனத்துக்குச் சிங்களத்திலயும் வீ குருல்லா எண்ட பேர்தான், முன்னால வெள்ளை எண்டு அடையாளம் சேர்ப்பாங்கள்.

ஆனா பெங்காலீஸ் உண்டானது சீனாப் பக்கத்துக் கிளையினத்தில இருந்து, இலங்கையில இரிக்கிறது வேற கிளையினம். சொந்தம்தான், ஆனா நம்மட வளவுக்குருவியிட நேரடிப் பிள்ளை இல்ல.

இதில ஒரு கதை இரிக்கு, நம்மட ஆக்கள் கட்டாயம் தெரிஞ்சிரிக்க வேணும். 1760இல பிரிசன் எண்ட பிரெஞ்சு அறிஞர் இந்தக் குருவியை விவரிச்சு எழுதக்குள்ள இது ரியூனியன் தீவில இருந்து வந்தது எண்டு போட்டார், அந்தக் காலம் அதுக்கு பூர்போன் தீவு எண்டு பேர். அதை வச்சுத்தான் 1766இல லின்னேயஸ் ஸ்ட்ரியாட்டா எண்டு விஞ்ஞானப் பேர் வச்சார். கோடு விழுந்தது எண்டு கருத்து, முதுகுச் சிறகில மெல்லிய வெள்ளைக் கோடுகள் இரிக்குமே, அதைப் பார்த்து. ஆனா ரியூனியன் தீவில இந்தக் குருவி இல்லவே இல்ல. பிந்தி வந்த ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடிச்சு, இந்த இனத்திட மூல இடம் இலங்கை எண்டு மாத்தி எழுதினாங்கள். ஆக, உலகம் முழுக்க இந்த இனத்தைப் பற்றி எந்தப் பேப்பர் எழுதினாலும், ஸ்ட்ரியாட்டா எண்ட பேர் வந்து நிக்கிறது இலங்கைக் குருவியில. பேர் வங்காளம், வளர்த்தது ஜப்பான், கொண்டு போனது சீனாவில இருந்து, புத்தகத்தில பிழையா எழுதினது ரியூனியன், கடைசியில வந்து நிக்கிற மண் நம்மட மண். இதை நினைச்சா எனக்கு உடம்பு புல்லரிக்கும்.

வயல்ல கூட்டமாத் திரியிறது பெரும்பாலும் இது இல்ல. அது புள்ளி முனியா, நெஞ்சில செதில் செதிலாக் கோடு போட்டது. மற்றது கறுத்தத் தலையும் வெள்ளை வயிறும் உள்ள மூவண்ண முனியா, அது சம்புப் பத்தை, வயல் ஓரம். காஞ்ச பக்கங்களில வெண்தொண்டை முனியா, வெளிறின நிறம், வால் கூர். மலைநாட்டில கறுந்தொண்டை முனியா, அதுக்கு கேலார்ட் எண்ட இலங்கை வைத்தியரும் உயிரியல் ஆய்வாளருமான ஆளிட பேர் விஞ்ஞானப் பேரில இரிக்கு. வெண்முதுகையும் சேர்த்தா அஞ்சு இனம். அஞ்சையும் நாம நெல்லுக்குருவி எண்டு ஒரே பேரில கூப்பிடுறம்.

நெல்லுவட்டை:

அஸ்ஸலாமு அலைக்கும். சம்மாந்துறையில இரிந்து எழுதுறன், நான் குருவி வளக்கிற ஆள் இல்ல, வயல் செய்யிற ஆள். தலைப்பில நெல்லுக்குருவி எண்டு கண்டதால உள்ள வந்தன்.

படுவான்கரையான் தம்பி சொன்னது சரி. எங்களுக்கு வட்டையில நிண்டு பார்த்தா அஞ்சு இனம் எண்டு பிரிக்க நேரம் இரிக்கிறல்ல, கதிர் பால் கட்டுற நேரம் வந்து விழுந்தா எல்லாம் நெல்லுக்குருவிதான். பால் பருவத்தில சொண்டால நசுக்கிப் பாலை உறிஞ்சிட்டுப் போயிரும், கதிர் வெளிய பார்க்க நல்லா இரிக்கும், கையில எடுத்தாப் பதர். அந்தக் கிழமையில வாப்பா காலத்தில பரண் கட்டித் தகரம் தட்டுவாங்க, இப்ப நாங்க பளபளக்கிற ரிபன் கட்டுறம், கசற் ரேப்பை இழுத்துக் கட்டினாலும் காத்துக்கு இரைஞ்சு ஓடும். ஆனா ஒண்டு சொல்லணும், வெட்டு முடிஞ்ச பொறகு அதே குருவி வரப்பில கிடக்கிற புல்லு விதையைத் தின்னுதான் மத்த மாசமெல்லாம் சீவிக்கிது, அதையும் நாங்க பார்க்கிறம்தானே. அதால அதுகளில எனக்குக் கோவம் இல்ல.

நான் எழுத வந்த விசயம் வேற. மகன், ஒங்கட விளம்பரத்தில தயவு செஞ்சி நெல்லுக்குருவி எண்டு போட்டுராதங்க. ஏன் எண்டா எங்கட பக்கத்தில பொடியனுகள் வலை கட்டி வயல்ல நெல்லுக்குருவி பிடிக்கிறாங்க. முந்தி விளையாட்டுக்குப் பிடிச்சாங்க, இப்ப கூட்டுக்குருவிக்கு விலை இரிக்கி எண்டு தெரிஞ்ச பொறகு கொண்டு போய்க் கொடுக்கிறாங்க. நெல்லுக்குருவி விப்பனைக்கு எண்டு ஒரு விளம்பரம் கண்டா இன்னும் நாலு வலை கூடக் கட்டுவானுகள். வலையில கால் முறுகி, செட்டை ஒடிஞ்சி, கையில எடுக்கக்குள்ளயே மவுத்தாப் போறதை நான் கண்ணால பார்த்திரிக்கன். கூட்டில பொரிச்ச குருவிக்கு கூட்டுக்குருவிப் பேர் இரிக்கட்டும், வயல்ல இரிக்கிறதுக்கு வயல் பேர் இரிக்கட்டும். ரெண்டையும் கலக்க வேணாம்.

கல்முனைக்கூடு:

நானா, நீங்க சொன்னதைப் படிச்ச உடன எனக்கு ஒரு யோசனை வந்திட்டுது. என்னட்ட இரிக்கிற சோடிகளில ஒரு சோடி மட்டும் முழுக்கக் கருங்கபிலம், வெள்ளைத் திட்டு ஒண்டும் இல்ல. கடைக்காரர் "சொக்லேட் பெங்காலி" எண்டு தந்தவர். கிட்டப் போனா மற்றக் குருவியெல்லாம் கம்பியில நிக்கும், இது ரெண்டும் கூட்டிட மேல் மூலையில போய் முட்டி முட்டிப் பறக்கும். முட்டையும் இடேல்ல. இது உண்மையில பெங்காலியா, இல்ல வளவுக்குருவியைப் பிடிச்சு பெங்காலி எண்டு தந்ததா? எப்பிடிக் கண்டுபிடிக்கிற?

வாழைச்சேனைபிஞ்சஸ்:

தம்பி இது நல்ல கேள்வி, இந்தப் பேர் விசயம் சும்மா பேச்சுக்கு இல்ல எண்டு காட்டுற கேள்வி. ஏன் எண்டா சொக்லேட் நிறப் பெங்காலீஸ் எண்டு உண்மையாவே ஒரு நிறம் இரிக்கு, அது தாய் இனத்திட நிறத்துக்கு ஆகக் கிட்ட. அதாலதான் ஏமாத்துறதும் லேசு.

வயித்தைப் பாருங்க. நம்மட இலங்கை வெண்முதுகுக்கு நெஞ்சு கறுப்பு, வயிறு தூய வெள்ளை, கறுப்பும் வெள்ளையும் கத்தியால வெட்டினாப்போல ஒரு இடத்தில முடியும். சொக்லேட் பெங்காலீஸுக்கு அப்பிடி வெட்டு இரிக்காது, வயித்தில பக்கவாட்டில எல்லாம் சின்னச் சின்ன அம்புக்குறி மாதிரி, செதில் மாதிரிக் கபிலக் கோடுகள் வரும். படுவான்கரையான் அண்ணன் சொன்ன சீனாக் கிளையினத்திட சாயல் அது. இதைவிட நம்பிக்கையான அடையாளம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

நடத்தையும் பாருங்க. பெங்காலீஸ் தலைமுறை தலைமுறையாக் கூட்டில இரிந்தது, சாப்பாடு வைக்கக் கை போட்டா ரெண்டடி நகரும், அவ்வளவுதான். காட்டுக்குருவி பயத்தில தலையைக் கம்பியில அடிச்சு சொண்டடியில காயம் வச்சிரிக்கும். உங்கட சோடிக்கு நெத்தியில முடி உதிர்ந்து இரிக்கா எண்டு பாருங்க.

கால்ல வளையம் இரிந்தாப் பிரச்சனையே இல்ல. மூடின வளையம், வெட்டு இல்லாத வளையம், அது குஞ்சு கூட்டுக்க கிடக்கக்குள்ள கால் சின்னதா இரிக்கிற நாளையிலதான் போடலாம், வளர்ந்த குருவிக்கு ஏத்தவே ஏலாது. அதால வளையம் போட்ட குருவி எண்டா கூட்டில பொரிச்சது எண்டு உறுதி. நம்மட பக்கம் பிஞ்சஸுக்கு ஆரும் வளையம் போடுறது குறைவு, ஆனா போடத் தொடங்க வேணும் எண்டுதான் நான் சொல்லுவன்.

காட்டுக்குருவி எண்டு தெரிஞ்சா என்ன செய்யிற எண்டு கேட்பீங்க. செட்டை நல்லா இரிந்தா, பறக்கத் தெரிஞ்சா, பிடிச்ச குருவி எண்டது சரியாத் தெரிஞ்சா, வளவுக் குருவிகள் திரியிற இடத்தில காலமை விட்டிருங்க. ஆனா பெங்காலீஸை ஒரு நாளும் பாவம் எண்டு திறந்து விடாதங்க, அதுக்கு வெளியில தின்னத் தேடத் தெரியாது, காகமும் பூனையும் விடாது.

ஏறாவூர்சிட்டு:

அப்ப மத்தப் பேருகளும் இப்பிடித்தானா? ஜாவா ஸ்பாரோ எண்டா ஜாவாவில இரிக்கிற சிட்டுக்குருவியா? கோல்டன் பிஞ்ச் எண்டு ஒண்டு விக்கிறாங்க, அதில தங்க நிறம் எங்க இரிக்கி? மிஸ் கொஞ்சம் சொல்லுங்க.

உயிரியல்மிஸ்:

ஜாவா ஸ்பாரோவில ஜாவா எண்டது உண்மை, ஜாவா, பாலித் தீவுகள்தான் அதிட சொந்த இடம். ஸ்பாரோ எண்டதுதான் பிழை. அது சிட்டுக்குருவி குடும்பம் இல்ல, நம்மட முனியாக்களிட நெருங்கின சொந்தம். நெல்லுவட்டை நானாவுக்காக ஒண்டு சொல்லுறன்: அதிட விஞ்ஞானப் பேரில ஒரிசிவோரா எண்டு வரும், நெல்லுத் தின்னி எண்டு கருத்து. அதுக்கு வச்ச பேரினப் பேர் ஒண்டு படா, அது பாடி எண்ட நெல்லுச் சொல்லில இருந்து வந்தது, அந்தச் சொல் மலாய்ப் பாசையில இருந்து இங்கிலீசுக்குப் போனது. அதாவது சிங்களத்து வீ குருல்லா, நம்மட நெல்லுக்குருவி, லத்தீன் ஒரிசிவோரா, எல்லாரும் ஒரே வயலைப் பார்த்துத்தான் பேர் வச்சிருக்காங்க. அந்தக் குருவி கூட்டில உலகம் முழுக்க நிறைஞ்சு இருக்கு, ஆனா சொந்த ஊர்க் காட்டில பிடிச்சுப் பிடிச்சு அழிஞ்சு போற நிலைமைக்கு வந்திட்டுது. 1997இல இருந்து அதைச் சர்வதேச வியாபாரத்தில கட்டுப்பாட்டுக்குள்ள கொண்டு வந்திருக்கு. நானா சொன்ன வலைக் கதையிட முடிவு அதுதான், அதனாலதான் நான் இதை இங்க எழுதுறன்.

கோல்டன் பிஞ்ச் எண்டு விக்கிறது கோல்டியன் பிஞ்ச். தங்கத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஜோன் கோல்ட் எண்ட பறவை ஆய்வாளர் 1844இல அந்த அவுஸ்திரேலியக் குருவிக்கு அவர்ட மனைவி எலிசபெத் கோல்டிட பேரை வச்சார். எலிசபெத் 1841இலேயே இறந்து போனா. அவர்ட புத்தகங்களில வந்த எத்தினையோ பறவைப் படங்களைக் கீறினது அவதான். லேடி கோல்டியன் எண்டு சிலர் சொல்றது அதனாலதான். இதை வாசிச்ச பொறகு கோல்டன் எண்டு தயவு செய்து எழுதாதீங்க, ஒரு நல்ல ஓவியரிட பேர் அது.

பிஞ்ச் எண்ட சொல்லையே எடுத்தாலும், உண்மையான பிஞ்ச் குடும்பம் வேற, நாம கூட்டில வளர்க்கிற முனியா, ஜீப்ரா, கோல்டியன் எல்லாம் எஸ்ட்ரில்டிடே எண்ட வேற குடும்பம். டார்வினிட பிஞ்ச் எண்டு ஏ.எல். பிள்ளைகள் படிக்கிறதும் உண்மையான பிஞ்ச் இல்ல, அது டானேஜர் குடும்பம். சின்னக் குருவி, கட்டைச் சொண்டு, விதை தின்னும், எல்லாத்தையும் பிஞ்ச் எண்டு இங்கிலீசில போட்டிட்டாங்க.

படுவான்கரையான்:

மிஸ், அமெரிக்காவில நம்மட வயல் புள்ளி முனியாவை ஸ்பைஸ் பிஞ்ச் எண்டு கடையில விக்கிறாங்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்க. நட்மெக் மனிகின் எண்டும் சொல்லுவாங்கள், நட்மெக் எண்டா சாதிக்காய். சம்மாந்துறை வயல்ல தகரம் தட்டிக் கலைக்கிற குருவி அங்க போய் வாசனைத் திரவியப் பேரோட நிக்குது.

எனக்கு ஒரு ஆசை. பெங்காலீஸுக்கு நாம ஒரு தமிழ்ப் பேர் வச்சா என்ன? தமிழ்நாட்டில முனியாவைச் சில்லை எண்டு எழுதுறாங்கள். வளர்ப்புச் சில்லை எண்டு போட்டா வயல் பேரோடயும் கலக்காது, கருத்தும் சரியா வரும்.

வாழைச்சேனைபிஞ்சஸ்:

அண்ணன் கோவிக்க வேணாம், பேர் நல்லாத்தான் இரிக்கு, கட்டுரை எழுதப் பாவியுங்க. ஆனா விளம்பரத்தில வளர்ப்புச் சில்லை எண்டு போட்டா மட்டக்களப்பில இருந்து பொத்துவில் வரைக்கும் ஒரு ஆளும் போன் எடுக்காது. சில்லை எண்ட சொல்லை நம்மட ஊரில ஆரும் வாயால சொல்றல்ல. குருவி வாங்கிற ஆளுக்கு, குறிப்பா முதல் தடவை வளர்க்கிற பொடியனுக்கு, கூட்டில என்ன இரிக்கு, எங்க பொரிச்சது, என்ன தின்னும், இவ்வளவும் பேரைக் கேட்ட உடன தேடிப் படிக்க ஏலுமா இரிக்க வேணும். பெங்காலீஸ், சொசைட்டி எண்டு தேடினாத்தான் வளர்ப்பு முறை வரும். அதனால நான் ரெண்டையும் சேர்த்துப் போடச் சொல்லுவன்.

படுவான்கரையான்:

விளம்பரத்துக்கு ரெண்டு பேரும் சேரட்டும், அதில எனக்குப் பிரச்சனை இல்ல. ஆனா பேச்சில சொல்லிச் சொல்லித்தான் ஒரு சொல் ஊருக்குள்ள வரும் எண்டதை நான் விடமாட்டன், என்ட பிள்ளைகளுக்கு நான் சில்லை எண்டுதான் சொல்லிக் குடுக்கிறன்.

உயிரியல்மிஸ்:

சண்டைக்கு நடுவில ஒரு விசயம் சேர்க்கிறன், இந்தக் குருவியை வளர்க்கிறவை தெரிஞ்சிருக்க வேண்டியது. ஜப்பான்ல கசுவோ ஒகனோயா எண்ட ஆராய்ச்சியாளர் இந்தப் பெங்காலீஸிட பாட்டையும் காட்டு வெண்முதுகிட பாட்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சு ஆராய்ஞ்சவர். ரெண்டிலயும் ஆண்தான் பாடும். காட்டுக்குருவியிட பாட்டு எளிமை, ஒரே ஒழுங்கில திரும்பத் திரும்ப வரும். பெங்காலீஸிட பாட்டு சிக்கல், துண்டுகளை மாத்தி மாத்திக் கோக்கும், அடுத்து என்ன வரும் எண்டு சொல்ல ஏலாது. பெண் குருவிக்குச் சிக்கலான பாட்டைப் போட்டுக் காட்டினா அது கூடு கட்ட கூடுதலாப் புல்லுக் காவுது. இவ்வளவுக்கும் பாட்டுக்காக இந்தக் குருவியை ஒருத்தரும் தெரிஞ்செடுக்கேல்ல, நிறத்துக்கும் குஞ்சு வளர்க்கிற குணத்துக்கும்தான் தெரிஞ்செடுத்தது. காட்டில பருந்துப் பயம், மற்ற முனியாக்களோட கலந்து போகாம இனத்தை அடையாளம் காட்ட வேண்டிய கட்டாயம், இதெல்லாம் கூட்டுக்குள்ள இல்லாமப் போனதால பாட்டு விரிஞ்சிருக்கு எண்டது அவர்ட விளக்கம். மூளையும் மொழியும் எப்பிடி வளருது எண்டு படிக்கிறவை இண்டைக்கும் இந்தக் குருவியை வச்சுத்தான் படிக்கினம்.

கல்முனைக்கூடு தம்பி, உங்கட சந்தேகச் சோடியில ஆண் பாடினா ரெக்கோட் பண்ணி மற்ற ஆணிட பாட்டோட வச்சுக் கேட்டுப் பாருங்க.

கல்முனைக்கூடு:

எல்லாருக்கும் பெரிய நன்றி. நேத்துப் பின்னேரம் வடிவாப் பார்த்தன். அந்தச் சோடிக்கு வயிறு வெட்டினாப்போல வெள்ளை, நெத்தியில முடி இல்ல, சொண்டடியில காஞ்ச காயம். வாழைச்சேனை அண்ணன் சொன்ன எல்லாம் பொருந்துது. ரெண்டும் பறக்குதுகள், செட்டை நல்லா இரிக்கு. நற்பிட்டிமுனைப் பக்கம் மாமாட வளவில இதே குருவி திரியுது, காலமை அங்க கொண்டு போய் விடப் போறன்.

விளம்பரத்துக்கு இப்பிடி எழுதியிரிக்கன், பார்த்துச் சொல்லுங்க: "பெங்காலீஸ் பிஞ்ச், சொசைட்டி பிஞ்ச் எண்டும் சொல்லுவாங்க. கல்முனையில வீட்டுக் கூட்டில பொரிச்ச குஞ்சுகள். தாய் தகப்பனை வந்து பார்க்கலாம். தினை, குரக்கன், கணவாய் ஓடு தின்னப் பழகினது. வயல், வளவுக் குருவி இல்ல, பிடிச்ச குருவி வாங்கவும் மாட்டம், விக்கவும் மாட்டம்." நெல்லுவட்டை நானா, கடைசி வரி உங்களுக்காகச் சேர்த்தது.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். ஒராள் கோல்டியன் முட்டை அடை வைக்கவெண்டு என்ட சோடி கேட்கிறார், குடுக்கலாமா?

நெல்லுவட்டை:

நல்லம் மகன். இதை அச்சடிச்சி எங்கட சந்தியில இரிக்கிற கடைக்கும் தாங்க, நான் கொண்டு போய் ஒட்டுறன். பொடியனுகள் பார்க்கட்டும்.

வாழைச்சேனைபிஞ்சஸ்:

குடுக்கலாம், உலகம் முழுக்க இந்தக் குருவியை அதுக்குத்தான் கூடுதலாப் பாவிக்கிறாங்கள், மற்றவன்ட முட்டையையும் தன்ட எண்டு அடை காத்து ஊட்டும். ஆனா வாங்கிறவருக்கு ஒண்டு சொல்லுங்க. வளர்ப்புத் தாய் தகப்பனோட வளர்ந்த குஞ்சு அவங்கட பாட்டைத்தான் படிக்கும், வளர்ந்த பொறகு சோடியும் அந்த இனத்திலதான் தேடப் பார்க்கும். ஜெர்மனியில இம்மெல்மான் எண்டவர் ஜீப்ரா பிஞ்சை பெங்காலீஸிட்ட வளர்க்க விட்டுப் பார்த்து இதைக் காட்டினவர். அதால குஞ்சு தானாத் தின்னத் தொடங்கின உடன பிரிச்சு, சொந்த இனத்தோட சேர்த்து விட வேணும்.

விளம்பரம் சரியா இரிக்கு. ஆண் பெண் எண்டு பிரிச்சு விக்கிறதெண்டா ஒவ்வொரு ஆணும் பாடுற வீடியோவையும் கீழ போடுங்க தம்பி, நிறத்தைப் பார்த்து இதில ஆண் பெண் சொல்ல ஏலாது, கேட்கிற ஆக்களும் அதைத்தான் முதல்ல கேட்பாங்க.